உப்புப் போட்ட ஐஸும் அக்காவின் ஊசியும்

அக்காவின் உயிர் பிரிந்த அன்று கட்டிலருகே இருந்தவர்கள் நான்கு பேர்: அத்தான், அக்காவின் மகள், நான், பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா ஒருவர். அந்த அம்மாதான் அக்காவின் வாயில் கடைசியாகத் தண்ணீர் விட்டார். ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று இன்னும் கோபமாக இருக்கும் சொந்தங்களுக்காகத்தான் இதைச் சரியாக எழுதுகிறேன். அன்று ஊரடங்கு. முந்தின நாள் வார்டுக்குள் போன நாங்களே வெளியே வர முடியவில்லை. யாரை அனுப்பிச் சொல்வது?

அக்கா கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவர். கலவரத்தில் லயம் எரிந்தது. கண்டிக்கு வந்து, வாடகைத் தையல் மிஷினில் பள்ளிச் சீருடை தைத்து எங்களைக் காப்பாற்றினார். மூடிய பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது நான் போகவில்லை. வழியில் என்ன நடக்குமோ என்று பயம். ஏழாம் வகுப்போடு சரி. அக்கா ஒரு வாரம் திட்டினார். பிறகு அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முதலாளியிடம் என்னைச் சேர்த்துவிட்டார்.

கல்யாணமாகி மகள் பிறந்த பிறகுதான் அக்காவுக்கு வருத்தம் தெரிய வந்தது. முகம் சிவக்கும், உள்ளங்கை எரியும், குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கும். எலும்புக்குள்ளிருந்து ரத்தம் அளவுக்கு மேல் ஊறுகிறது, இது அபூர்வமான நோய், தீராது, கட்டுப்படுத்தலாம் என்றார் டாக்டர். விட்டால் ரத்தம் உறைந்து மூளையையோ நெஞ்சையோ அடைக்குமாம். அதனால் மாதாமாதம் ரத்தத்தை வெளியே எடுத்தார்கள்.

இதைச் சொந்தக்காரர்களுக்கு விளங்கப்படுத்தி என் வாய் நொந்துபோனது. ரத்த வருத்தம் என்ற உடனே பீட்ரூட், மாதுளை, ஈரல் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடிப் போன ரத்தத்தை இன்னும் ஊறவைக்கும் சாப்பாடு எதற்கு? திகனயில் இருக்கும் சித்தியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "எடுக்கிறானுங்கள்ல, அப்ப ஊற வேணாமா?" என்று என்னையே கேட்பார்.

பிறகு இன்டர்பெரோன் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று. கொழும்பில் ஒரே ஒரு மருந்துக் கடையில்தான் கிடைத்தது. அதைக் குளிர் விடாமல் கொண்டுவர வேண்டும். அத்தானுக்கு லீவு இல்லை. ஆகவே பயந்தாங்கொள்ளியான நான் போனேன். ஒவ்வொரு செக்பொயின்டிலும் பிளாஸ்க்கைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே கண்ணாடிக் குப்பி, கையில் தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை. டாக்டரின் கடிதத்தை அவசர அவசரமாக நீட்டுவேன். அவசரப்பட்டால் இன்னும் சந்தேகப்படுவார்கள்.

ஒரு தடவை பஸ்ஸை நிறுத்தி எங்களை வெயிலில் மூன்று மணித்தியாலம் இறக்கி வைத்தார்கள். பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீராகிவிட்டது. கேகாலை வந்ததும் பாய்ந்து இறங்கி மீன்காரரிடம் ஐஸ் கேட்டேன். மீன் பழுதாகாமல் இருக்கப் போடுவதைப் போல, அவர் ஐஸை இடித்துக் கல்லுப்பும் கலந்து கொடுத்தார். கரையாது என்றார். சந்தோஷமாக அமுக்கி நிரப்பினேன்.

உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கூடும் என்பது எனக்குத் தெரியாது. கண்டியில் திறந்து பார்த்தால் ஆறு குப்பியும் கல்லாக உறைந்து கிடந்தன. குளிர வேண்டும், உறையக் கூடாது, உறைந்தால் மருந்து பழுது என்று அக்கா தன் கையால் எழுதி மூடிக்குள் ஒட்டியிருந்தார். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. உள்ளங்கையில் வைத்து உருக்கினேன். தண்ணீர் மாதிரித் தெளிவாகத்தான் இருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் திரும்ப அடுக்கி வைத்தேன். திங்கட்கிழமை டிஸ்பென்சரியில் அதில் ஒன்றை அக்காவுக்குப் போட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அன்றே கொழும்புக்கு ஆள் அனுப்பி வேறு ஆறு ஊசி எடுப்பித்தார். "காசு பொறகு தம்பி. மொதல்ல தாத்தாகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார். அவர்கள் முஸ்லிம் வழக்கில் தாத்தா என்றால் அக்கா.

போய்ச் சொன்னேன். அக்கா தையலை நிறுத்தாமல் கேட்டார்.

"மீனுக்குப் போடுற உப்ப என் ஊசிக்கும் போட்டியாடா? நல்ல வேள, மஞ்சத்தூள் போடல."

பிறகு மிஷினை நிறுத்தினார். "அத்தானுக்கு இது தெரிய வேணாம். ஒன்ன அனுப்ப மாட்டாரு. நீ போகாட்டி எனக்கு யாரு போவா?"

அதன் பிறகு ஆறு வருடம் போய் வந்தேன். கடைசியில் ஊசியையும் மீறி ரத்தம் உறைந்து மூளையை அடைத்தது. அந்த ஒரு ஊசியாலா என்று டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். இல்லை, இல்லை, ஒரு ஊசியால் எதுவும் ஆகாது என்று மூன்று தடவையும் சொன்னார். நான்காவது தடவையும் கேட்கத்தான் தோன்றுகிறது. அத்தான் இதை இந்த நினைவு மலரில்தான் முதன்முதலாக வாசிப்பார். மன்னிக்க வேண்டும்.

ஊசி போட்ட டிஸ்பென்சரி நர்ஸுக்கும், தண்ணீர் விட்ட அந்த அம்மாவுக்கும், சலிக்காமல் பதில் சொன்ன டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்திக்கும் நன்றி. உங்கள் பீட்ரூட்டை எல்லாம் நாங்கள்தான் சாப்பிட்டோம்.

செத்த வீட்டுக்கு வந்த முதலாளியிடம் மிச்சக் காசைப் பற்றிப் பேச்செடுத்தேன். "மவுத்து வீட்டுல கணக்குப் பேச வாணாம் தம்பி, அத விடுங்க" என்றார். என்னால் விட முடியாது. அந்த ஆறு ஊசியின் விலை பதினாலாயிரத்து நானூறு. முதலாளிக்குக் கொடுத்தாயிற்றா என்று அக்கா மாதாமாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டாயிரம் கொடுத்திருக்கிறேன். இன்னும் கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து நானூறு ரூபாய்.