சடையாண்டி கொண்டுபோன மருந்துப் பை

2006ஆம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல் விட்டுவிட்டு விழுந்ததால் அய்யலூர்ச் சந்தைத் திடல் சேறாகிக் கிடந்தது. ஆட்டுத் தரகர் சடையாண்டி அன்று வியாபாரம் பேசவில்லை, விடைபெற்றுக்கொண்டிருந்தார். மறுநாள் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம். அங்கே வாழ்க்கைப்பட்ட மகள் புவனேஸ்வரிக்குத் தலைப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"இல்லை" என்ற சொல் சடையாண்டியின் வாயில் வராது என்பது சந்தை முழுதும் அறிந்த செய்தி. தம் வண்டியில் இடமிருந்தால் அடுத்தவர் ஆட்டையும் ஏற்றிக்கொள்வது அத்தொழிலில் வழக்கம். வழியில் செக்போஸ்ட்டில் மறித்துக் கேட்பவர்களிடம், "எல்லாம் நம்ம ஆடுதாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர்களும் சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள்.

அவருக்குச் சர்க்கரை நோய். தினமும் இருவேளை இன்சுலின் ஊசி. அத்துடன் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் இன்சுலின் புட்டியை வைத்திருப்பார். மாத்திரைகளை வாங்கிய கையோடு அட்டையிலிருந்து பிதுக்கி, பழைய பல்பொடி டப்பாவில் கொட்டிவிடுவார்.

மருந்துக்கடை நடத்தும் குர்ஷித் பேகம் அந்த டப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இதைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா பல்லு வெளக்க வந்தவருன்னு நெனைப்பாங்க. புதுசா வாங்குங்க. அட்டையப் பிரிக்காதீங்க, பேரு தெரியணும். டாக்டர் சீட்டுல பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே பேரு இருக்கணும். ஊசிக்குத் தனியா ஒரு கடுதாசி வாங்கிக்குங்க."

"எல்லாத்தையும் பெரிய பெட்டியில போட்டுறவாம்மா?"

"போட்டீங்க, போச்சு! பிளேனுக்கு அடியில பெட்டி போற எடத்துக் குளிர்ல இன்சுலின் ஒறைஞ்சா வீணாயிரும். கைப்பையிலயே வச்சுக்குங்க. இன்னொண்ணு, அடுத்தவங்க மருந்து ஒண்ணுகூட வாங்கிறாதீங்க. சில மாத்திரைய அந்த ஊருல விடமாட்டாங்க. மாட்டுனா ஜெயிலு."

சடையாண்டி அத்தனையையும் அப்படியே செய்தார், கடைசி ஒன்றைத் தவிர.

தங்கமுத்துவும் அவரும் ஒரே சந்தையில் முப்பது ஆண்டுகளாகத் தரகு பார்ப்பவர்கள். மாமன் மச்சான் உறவு. தங்கமுத்துவின் மகன் பிரபு சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான்.

"மாப்ளே, பயலுக்கு ராத்திரி தூக்கமே வரலையாம். நான் போடுற தூக்க மாத்திரைதான் இது. ஒன் மாத்திரையோட மாத்திரையாக் கெடக்கட்டும்" என்று தங்கமுத்து ஒரு சிறிய காகித உறையை நீட்டினார். பெயர் ஏதும் எழுதாத உறை. உள்ளே உதிரி மாத்திரைகள். பழக்க தோஷத்தில் சடையாண்டியின் கை அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

சந்தை வாசல்வரை நடந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சிங்கப்பூரில் பையைத் திறந்து காட்டச் சொல்லி, எல்லாம் உன்னுடையதா என்று ஒருவர் கேட்டால் தம் வாய் என்ன சொல்லும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். யோசிப்பதற்கு முன்பே சொல்லிவிடும். இன்னும் முகம் பார்க்காத பேத்தியின் நினைவு வந்தது. தூறலில் நனைந்தபடி திரும்பி நடந்தார்.

"மாமா, இத நான் கொண்டுபோகல."

"ஏன், கனமா இருக்கா?"

"கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

"செக்போஸ்ட்டுல என் ஆட்டையெல்லாம் ஒன் ஆடுன்னு சொன்ன வாயிதானே இது? டிக்கெட்டு வந்ததும் பெரிய மனுசனாயிட்டீகளோ?"

"ஆடுன்னா எறக்கி விட்டுட்டுப் போகச் சொல்லுவான். அங்க மாட்டுனா என்னையப் பிடிச்சு உள்ள போட்டுருவான் மாமா. பேத்தி மொகத்தப் பாக்கத்தானே போறேன்? பிரபுவ நானே போயிப் பாக்குறேன். அங்கயே டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

தங்கமுத்து உறையை வெடுக்கென்று வாங்கி மடியில் செருகிக்கொண்டு, பக்கத்தில் நின்ற கிடாயின் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். சடையாண்டி கிளம்பினார். பத்தடி போயிருப்பார்.

"போய்ச் சேந்ததும் போனப் போடு" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது தங்கமுத்து இன்னமும் கிடாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஊசிகளைக் கண்ட சுங்க அதிகாரி கைப்பையைத் திறக்கச் சொன்னார். நல்லவேளையாக அவர் தமிழ்ப் பெண். மருந்துச் சீட்டையும் மருத்துவர் கடிதத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டார். மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் புவனேஸ்வரி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பது சடையாண்டிக்குத் தெரிந்தது.

"ஐயா, இந்த மருந்தெல்லாம் உங்களுக்குத்தானா? வேற யாராவது கொடுத்துவிட்டது ஏதாவது இருக்கா?"

சடையாண்டி இம்முறை சிரிக்கவில்லை.

"எல்லாம் எனக்குத்தாம்மா. வேற யாருதும் இல்ல."