ஹைட்ரஜன் லாரியின் வால் எந்தப் பக்கம்

யபுகி தொமியே என்கிற அம்மா லாரி ஓட்டுகிறார் என்று யாராவது சொன்னால் எங்கள் டிப்போவில் சிரிப்பார்கள். "ஓட்டுறாங்களா? தாலாட்டுறாங்கய்யா" என்பார்கள். ஜப்பானின் கோரியாமா நகரக் கடைகளுக்கு விடிகாலையில் சோற்றுருண்டை, பால், ரொட்டி கொண்டுபோகிற வேலை அவருக்கு. டீசல் லாரியில் பாதி ஆயுளைக் கழித்தவர். அதன் அதிர்வு கைகளிலேயே குடியேறிவிட்டது. சாயங்காலம் சூப் கிண்ணத்தைத் தூக்கினால் பாதி மேசைக்குப் போய்விடும்.

போன வசந்தத்தில் டிப்போவுக்கு இரண்டு ஹைட்ரஜன் லாரிகள் வந்தன. ஒன்று யபுகியம்மாவுக்கு. உறுமல் இல்லை, புகை இல்லை. வால்பக்கக் குழாயிலிருந்து வெறும் தண்ணீர்தான் வரும். இலை உதிர்வதற்குள் கை நடுக்கம் நின்றுவிட்டது. அந்த வருடம் காக்கி என்கிற ஆரஞ்சு நிறப் பழங்களை அவரே தோல் அறாமல் ஒரே சுருளாகச் சீவி, பால்கனியில் காயக் கட்டினார். வண்டிகளுக்கு வழி பிரித்துக்கொடுக்கிற என் மேசைக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

பிறகு குளிர்காலம் வந்தது. பனித்தரையில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். எத்தனை வருடமானாலும் கால் பழகவில்லை. ஹைட்ரஜன் லாரி கொட்டிய தண்ணீர் டிப்போ முற்றத்தில் உறைந்து கண்ணாடியாகிக் கிடந்தது. மேலாளர் நிஹே உத்தரவு போட்டார்: டிப்போவுக்குள் வருவதற்கு முன் வண்டியில் உள்ள வடிகால் பொத்தானை அழுத்தி, தண்ணீரை வெளியிலேயே கொட்டிவிட்டு வர வேண்டும்.

யபுகியம்மாவின் கடைசி நிறுத்தம் மேட்டில் இருக்கும் ஹோஷியின் கடை; தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டு வருவார். அங்கே ஒரு பலகை உண்டு: வண்டியின் மூக்கு வேலிப் பக்கம் இருக்கட்டும். வேலிக்கு அப்பால் குசானோ என்கிற பெரியவரின் கமேலியாப் பூச்செடிகள். அவற்றின் மேல் புகை படக் கூடாதென்று அவர் சண்டை போட்டு வைக்கச் செய்த பலகை. யபுகியம்மா டீசல் காலத்திலிருந்தே அப்படித்தான் நிறுத்துவார். ஹைட்ரஜன் லாரியையும் அப்படியே நிறுத்தினார். மூக்கு வேலிப் பக்கம் போனால் வால் எங்கே வரும்? கடை வாசலுக்கு. இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒரு காலை ஹோஷி துடைப்பத்தோடு வெளியே வந்தார். அடுத்த நொடி துடைப்பம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"இடுப்பு போச்சு நிஹே! நான் விழுந்தேன், சரி. நாளைக்கு ஒரு பாட்டி விழுந்தா? பழைய வண்டியையே அனுப்பு" என்று தொலைபேசியில் கத்தினார்.

நிஹே யபுகியம்மாவைக் கூப்பிட்டார். "இந்த வாரத்துக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா அந்த வழிக்கு டீசல்தான். உங்க வண்டியை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதான்."

யபுகியம்மா கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

பொத்தானை அழுத்தாமல் இருந்து பார்த்தார். வண்டியை அணைத்ததும் அது தானாகவே தண்ணீரைத் துப்பியது. கீழே தட்டு வைத்தார். துப்பிய வேகத்தில் பாதி வெளியே போனது. சாலையோரம் கொட்டலாமென்றால் அது சரிவு, வருகிற கார்கள் வழுக்கும். "வண்டியைத் திருப்பி நிறுத்துங்களேன், யார் பார்க்கப்போறா?" என்றேன். வீட்டுக்குள் செருப்போடு நடக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

"பலகை இருக்கே."

ஹோஷியும் கையை விரித்தார். "பலகையை நான் எடுத்தா, குசானோ ஐயா என் தலையை எடுத்துடுவாரு."

நானாக இருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு டீசலுக்குத் திரும்பியிருப்பேன். யபுகியம்மா மறுநாள் சரக்கை இறக்கி முடித்ததும் நேரே குசானோ வீட்டு மணியை அடித்தார். அன்று வழியைப் பார்க்க லாரியில் கூட வந்திருந்த நான், பனியில் வழுக்காமல் பின்னால் வாத்து நடை நடந்து போனேன்.

கதவைத் திறந்த பெரியவர் முறைத்தார். "என்னம்மா, இந்த வருஷம் லாரியை நிறுத்திட்டீங்களா?"

"தினமும் வருதுங்க ஐயா."

"பொய்! உங்க டீசல் கத்தினாத்தான் நான் எந்திரிப்பேன். கடைக்குப் போனா சால்மன் மீன் உருண்டை சூடு ஆறாம இருக்கும். இப்ப நான் போறதுக்குள்ள எல்லாம் வித்துப்போயி புளிப்புப் பழம் வெச்ச உருண்டைதான் கிடக்கு."

"இது சத்தம் போடாத வண்டி. புகையும் கிடையாது. வந்து மோந்து பாருங்க."

பெரியவர் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, குழாய்க்கு மூக்கைக் கொடுத்தார்.

"ஒண்ணுமே இல்லையே. என் காலுறையே இதைவிட மணக்கும்." நிமிர்ந்தவருக்கு உடனே சந்தேகம் வந்தது. "வால் இந்தப் பக்கம் வந்தா தண்ணி என் வேருக்குப் போகுமே. உறைஞ்சு செடி செத்தா?"

"வேலிக்கு இந்தப் பக்கம் இவ்வளவு சரளைக்கல் கிடக்கே, அதுலயே இறங்கிடும். ஒரு செடி வாடினாலும் சொல்லுங்க, அன்னிக்கே டீசலுக்குப் போயிடறேன்."

பெரியவர் செடிகளைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், கடையின் சோற்றுருண்டைத் தட்டுகள் இருக்கும் பக்கமும் ஒரு தடவை பார்த்தார்.

"வந்ததும் வேலியை ரெண்டு தட்டு தட்டணும். தட்டினா சம்மதம்."

ஹோஷி இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, பலகைக்குக் கீழே ஒரு அட்டையைச் சேர்த்தார்: ஹைட்ரஜன் லாரி மட்டும் வால் வேலிப் பக்கம். வாரக் கடைசியில் கடை வாசலைக் காலால் தேய்த்துப் பார்த்த நிஹே, "சரி, வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இப்போது ஒரே ஒரு தொல்லை. சரக்கை இறக்கும் பின்கதவு வேலிப் பக்கம் என்பதால், தள்ளுவண்டியை லாரியின் முழு நீளத்துக்கும் சுற்றித் தள்ளிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். "கால் வலிக்கலையா?" என்றேன்.

"கால்தானே" என்றார் யபுகியம்மா.

வேலியை இரண்டு தட்டு தட்டினார். வேலிக்கு அப்பால் வீட்டில் விளக்கு எரிந்தது. அவர் முதல் சோற்றுருண்டைத் தட்டைக் கடைக்குள் வைப்பதற்குள், குசானோ பெரியவர் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு கல்லாவின் முன் நின்றுகொண்டிருந்தார்.