திரும்பி வந்த தூக்குவாளி

என் தம்பிக்குக் காலில் சக்கரம் என்று ஊரே சொல்லும். கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊர். சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுவான். வளர்ந்து வயலைக் கையில் எடுத்த பிறகும் அப்படித்தான். மடையைத் திறந்துவிட்டு வேறெதையோ பார்க்கப் போவான். பக்கத்து வயல்காரரின் நாற்றங்கால் முழுகிக் கிடக்கும். அவர் வாசலில் வந்து கத்துவார். அம்மா அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு உள்ளே வந்து இவனைப் பிடித்துக்கொள்வாள். பொறுப்பில்லாதவன், திமிர் பிடித்தவன். நாங்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர்கள் இவைதான். இத்தனைக்கும் நடவு, அறுப்பு என்று தலைபோகிற அவசரம் வந்துவிட்டால் அவனைப்போல் ஒரு வேலைக்காரனை எங்கள் பக்கத்தில் பார்க்க முடியாது.

வேலையில்லாத மாதங்கள்தான் அவனைக் கெடுத்தன. கோடையில் வயல் வெடித்துக் கிடக்கும்போது குடிக்க ஆரம்பித்தான். பிறகு மழை வந்தும் நிற்கவில்லை. அவன் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு பட்டுக்கோட்டையில் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். “தை அறுப்பு வரைக்கும் அவங்க குடிக்காம இருக்கட்டும் அண்ணி. நானே வந்துடுறேன்.”

நான் தஞ்சாவூரில் இருப்பதால் அவனை அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குடி நின்று உடம்பு தெளிந்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். அவனுடைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றியெல்லாம் கேட்டார். கடைசியில், “குடி மட்டும்தான் நோய்னு நெனைக்காதீங்க. சின்ன வயசுலேர்ந்தே இவருக்கு ஏடிஎச்டி இருக்கு, கவனம் ஒரே எடத்துல நிக்காது, சும்மா இருக்கவும் விடாது. அது இருக்கறவங்க எல்லாரும் குடிக்க மாட்டாங்க. ஆனா போதையில மாட்டிக்கிற ஆபத்து மத்தவங்களைவிட அதிகம். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்கணும்” என்றார். அம்மாவின் பக்கம் திரும்பி, “மாத்திரையை விடாம குடுங்க. சும்மா மட்டும் உக்கார வெக்காதீங்கம்மா. ஒரு நேரத்துல ஒரு வேலை. பக்கத்துல யாராவது கூட இருங்க, அது போதும்” என்றார்.

அன்று வராந்தாவில் தம்பி சொன்னான். “தலைக்குள்ள எப்பவும் பத்து ரேடியோ பாடுதுக்கா. குடிச்சாத்தான் ஒண்ணாவது அடங்குச்சு.” இத்தனை வருஷமாக ஒரு வீட்டில் இத்தனை பேர் இருந்தோம், யாராவது அவனைக் கேட்டோமா?

வீடு திரும்பியபோது புரட்டாசி. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே சம்பாவுக்கு அவன் நாற்று விட்டிருந்தான். அம்மாவுக்கு டாக்டர் சொன்னதில் ‘நோய்’ என்ற ஒரு சொல்தான் காதில் ஏறியிருந்தது. எங்கள் பக்கத்தில் நோயாளியைச் சேற்றில் இறக்குவது பெற்றவளுக்கே அவமானம். நாலு பேர் என்ன சொல்வார்கள்? “ஒடம்பு தேறட்டும். ஒரு போகம் அவன் எதையும் தொட வேண்டாம்” என்று அவளாகவே முடிவு செய்தாள். வெற்றிலைபாக்கு மாற்றி, பக்கத்து வயல்காரரிடமே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டாள். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போனில் கத்தினேன். “நான் பெத்த புள்ளைக்கு நான் கெடுதல் பண்ணுவேனாடி?” என்று அவள் அழுதாள். பண்ணமாட்டாள்தான். அதுதான் கொடுமை.

நடவு அன்று தம்பி வரப்பில் போய் நின்றிருக்கிறான். அவன் விட்ட நாற்றை வேறு ஆட்கள் பறித்து நட்டுக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்க முடியாமல் இவன் சேற்றில் இறங்க, பக்கத்து வயல்காரர் கையைப் பிடித்துக் கரையேற்றி, “நீங்க ரெஸ்ட் எடுங்க தம்பி, நாங்க பாத்துக்கிறோம்” என்றிருக்கிறார். நல்ல மனுஷர், நல்லபடியாகத்தான் சொன்னார். வீட்டில் ஃபேனுக்குக் கீழே எத்தனை நேரம் உட்கார்வது? ஐப்பசி பிறப்பதற்குள் திரும்பவும் குடித்துவிட்டான். பட்டுக்கோட்டைக்குச் செய்தி போக எவ்வளவு நேரமாகும்? தை வந்தது. அவள் வரவில்லை.

மறுபடியும் தஞ்சாவூர், அதே டாக்டரம்மா. அவர் கோபிக்கவில்லை. “சறுக்குறது உண்டு. திரும்ப வந்தாரு பாருங்க, அதைப் புடிச்சுக்குவோம்” என்றார். இந்தத் தடவை அம்மா ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த சம்பாவுக்கு நிலம் அவன் கைக்கு வந்தது. அம்மா தினமும் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தாள். ஓயாமல் பேசுகிறவள், அங்கே வாயே திறக்கமாட்டாள். அவன் மடையைத் திறந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அவள் அங்கே இருப்பாள். அவ்வளவுதான். ஒருநாள் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டிக்கொண்டே அவன் நிமிராமல் கேட்டானாம். “போன வருஷமே இப்படி வந்து உக்காந்திருக்கலாம்லம்மா?” இதை எனக்குச் சொன்னது அம்மாதான். அவனுக்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த அறுப்பு வரை அவன் குடிக்கவில்லை. புதுநெல்லை அரைத்து, பெரிய எவர்சில்வர் தூக்குவாளியில் அரிசியை நிரப்பி, “பாப்பாவுக்குக் குடுத்துட்டு வாக்கா” என்று என்னிடம் கொடுத்தான்.

பட்டுக்கோட்டையில் தம்பி மனைவி அதை வாங்கிக்கொண்டாள். காபி கொடுத்தாள். “அவங்க நல்லா இருக்கட்டும் அண்ணி. சாமி சத்தியமா அதான் வேண்டிக்கிறேன். ஆனா இன்னொரு தடவ நம்புறதுக்கு எங்கிட்ட தெம்பு இல்ல” என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புறப்படும்போது தூக்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கொடுத்துவிட்ட பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் வெறுமனே திருப்பமாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போடுவார்கள். உறவு தொடர வேண்டும் என்பதற்காக. பஸ்ஸில் அந்தத் தூக்கு மடியில் கனமே இல்லாமல் இருந்தது.

அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே கையை விட்டும் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தம்பி அவள் கையிலிருந்து தூக்கை வாங்கினான். மூடியைப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

“இங்கயே இருக்கட்டும்மா. அடுத்த அறுப்புக்கும் வேணும்ல.”