எங்க பக்கத்து மந்திரி

செஞ்சிக் கோட்டை வாசலுக்கு வெளியே, சுற்றுலா பஸ்கள் நிற்கிற இடத்தில் வெள்ளரிக்காய் விற்கிறவள் பாக்கியம். காயை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பாள். வாயில் காயை வைத்துக்கொண்டு எவனும் ஓடிவிட மாட்டான் என்பது அவள் அனுபவம்.

"நீங்க எந்த ஊரு? உங்க ஊர்க்காரரு யாராச்சும் டில்லியில மந்திரியா இருக்காரா? இன்னா செஞ்சாரு உங்களுக்கு?"

தமிழ் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்கு வழிகாட்டி கன்னியப்பன் இந்தியில் சொல்ல வேண்டும். கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்த பிறகு மராட்டியப் பக்கத்திலிருந்து காவித் தலைப்பாகையோடு பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். கன்னியப்பனின் இந்தி அவர்களால்தான் கொஞ்சம் தேறியிருந்தது.

"அக்கா, அவங்க கோட்ட பாக்க வந்தாங்களா, உனக்குப் பரீட்ச எழுத வந்தாங்களா?" என்பான்.

"கேளு கன்னியப்பா. கேட்டா வாயி தேஞ்சா போயிடும்?"

கேட்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தொற்றிக்கொண்டது. திண்டிவனம் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு கிறிஸ்தவக் கிராமத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பன்னிரண்டு சீடர்களைப் பற்றி உபதேசியார் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, "எல்லாரும் கலிலேயாதானா? வேற ஜில்லாவுல ஆளே கெடைக்கலியா?" என்று கேட்டாள். யூதாசு மட்டும் வேறு பக்கத்துக்காரன் என்று சொல்வார்கள் என்றார் உபதேசியார். "அவன மட்டும் ஒதுக்கி வெச்சிருந்தாங்களோ இன்னாவோ" என்று இழுத்தாள் பாக்கியம். அன்றைக்கு முழங்காலில் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பதில் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

மந்திரிகளைப் பற்றி அவள் கேட்டதற்குக் காரணம் வேறு. புருஷன் மதலைமுத்துவின் முக்கால் ஏக்கர் நிலத்தின் குறுக்கே ரயில் பாதைக்காகக் கல் நட்டிருந்தார்கள். நட்டபோது மகன் ஜெபின் பால்வாடியில் இருந்தான். இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். ரயில் எப்போது வரும், எவ்வளவு அகலம் எடுப்பார்கள், வராமலே போய்விடுமா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வரப்போகிற ரயிலை நினைத்து மதலைமுத்து அந்த நிலத்தில் தண்ணீருக்குப் போர் போடவில்லை. மழை பெய்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பெய்யாவிட்டால் ஆடு மேயும்.

போருக்கான பணத்தை ஜெபின் சேர்த்து வைத்திருந்தான். "கோடைக்கு முன்னாடி சொல்லிடும்மா. நைனா இன்னும் யோசிச்சாருன்னா நான் வண்டி வாங்கிடுவேன்" என்று போனில் கெடு வைத்துவிட்டான்.

மதலைமுத்துவோ அசையவில்லை. "இன்னிக்கு ஓட்டயப் போட்டா நாளைக்கு ரயிலு வந்துடும். ஆண்டவரு நம்ம கிட்ட அப்படித்தான் வெளையாடுவாரு. டில்லியில மந்திரிசபைய மாத்தப் போறாங்களாம். நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் உள்ள போனா பாதி ராத்திரியில வேல ஆரம்பிச்சிடும், பாரு."

அவர் சொன்னதைப் பாக்கியம் நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. நம் பக்கத்து ஆள் மந்திரியானால் நமக்கு என்ன நடக்கும்? தெரிந்தவர்களைக் கேட்கலாமே என்றுதான் காய் வாங்குகிறவர்களைக் கேட்க ஆரம்பித்தாள்.

வந்த பதில்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஒரு பெரியவர், தங்கள் ஊர்க்காரர் மந்திரியாக இருந்து பளபளவென்று ஸ்டேஷன் கட்டிக் கொடுத்ததாகவும், அதில் பெரிய ரயில் எதுவும் நிற்பதில்லை என்றும் சொன்னார். ஒரு வாத்தியாரம்மா, தங்கள் பக்கத்திலிருந்து மந்திரி என்று ஒருவரும் போனதே இல்லை, ஆனாலும் நாலு பக்கமும் ரயில் ஓடுகிறது, பூமிக்கடியில் நிலக்கரி இருக்கிறது என்றார்.

"நம்ம பூமிக்கு அடியில இன்னா இருக்குது கன்னியப்பா?"

"பாறை."

வடகிழக்கு மலைப்பக்கத்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி இருவர் சொன்னதுதான் அவள் மனதில் நின்றது. அவர்கள் பக்கத்திலிருந்து வெகு காலத்துக்குப் பிறகு ஒருவர் மந்திரியாகியிருந்தாராம். ரோடு வந்ததா என்றாள். வரவில்லை. ஆஸ்பத்திரி? அதுவும் இல்லை. "பின்ன இன்னாதான் வந்துச்சாம்?" அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னதைக் கன்னியப்பன் இரண்டு தடவை கேட்டுத்தான் தமிழில் சொன்னான். "மனு எடுத்துக்கிட்டு இவங்க தம்பி டில்லிக்குப் போனானாம். வாசல்ல இருந்த ஆளு இவங்க பாஷையில பேசுனாராம். உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தாராம். அவ்ளோதாங்கா."

அவ்வளவுதான் என்று கன்னியப்பன் சொன்னானே ஒழிய, பாக்கியத்துக்கு அது அவ்வளவுதான் என்று படவில்லை. ஒரே சாமியார் பல ஊர்க் கோயில்களைக் கவனிக்கிற பங்கில் அவள் ஊர் ஒரு கிளைக் கிராமம். பங்குப் பேரவையில் அந்த ஊரிலிருந்து ஆள் இல்லாத காலத்தில் ஈஸ்டர் பூசை அங்கே கடைசியாகத்தான் வரும். சாமியார் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். ஒருத்தரை உள்ளே எடுத்த வருஷத்திலிருந்து நேரம் மாறியது. அவர் ஒன்றும் சண்டை போடவில்லை. "எங்க ஊர்ப் புள்ளைங்க தூங்கிடுதுங்க சாமி" என்று ஒரு தரம் சொன்னார். சொல்வதற்கு அந்த அறையில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மந்திரிசபை மாறிய அன்று மதலைமுத்து டிவியை விட்டு நகரவில்லை. ஒவ்வொருவராக வந்து உறுதிமொழி எடுக்க, "இவரு எந்தப் பக்கம்?", "இவரு?" என்று பாக்கியம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி வரிசையில், தோளில் துண்டோடு ஒருவர் எழுந்தார். மதலைமுத்து நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏய், நம்ம ஜில்லாக்காரருடி! ஓட்டு கேட்டு நம்ம தெருவுக்கு வந்தாரே, அவரு!"

பிறகு துறைகளைச் சொன்னபோது ரயில்வே எங்கேயோ தூரத்து ஆளுக்குப் போனது; இவர் ஜவுளித்துறை இணை அமைச்சர். கூட்டு ரோட்டில் பட்டாசு வெடித்தது. மதலைமுத்து அன்றே போய் நிலத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

புது மந்திரி ஊர் ஊராக வந்தபோது கோட்டைக்கும் வந்தார். சுற்றிக்காட்டியவன் கன்னியப்பன். வெயிலில் இறங்கி வந்தவரை நேராக வெள்ளரிக்காய்க் கூடைக்குக் கூட்டி வந்துவிட்டு, அவள் பக்கம் குனிந்து, "கேளுக்கா, இந்தத் தடவ தமிழ்லயே கேளு" என்றான்.

பாக்கியம் நிதானமாகக் காயைக் கீறினாள். தூள் தடவினாள். அவர் கடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"ஐயா, செஞ்சி வழியா ரயிலு வருதா, வரலீங்களா?"

"அது நம்ம துறை இல்லம்மா. எனக்கு ஜவுளி."

"நான் சேலை கேக்கலீங்க ஐயா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ரயிலு மந்திரி உங்க கூடத்தான உக்காருவாரு? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. வரும்னாலும் சரி, வராதுன்னாலும் சரி. நாங்க போர் போடலாமா வேணாமான்னு தெரியணும்."

உதவியாளர் ஒருவர் குறுக்கே வந்தார். மந்திரி அவரைக் கையால் தள்ளி நிறுத்தினார்.

"உள்ளதச் சொல்றேம்மா. அந்த மந்திரிசபைக் கூட்டத்துல பெரிய மந்திரிங்கதான் உக்காருவாங்க. எங்கள மாதிரி இணை அமைச்சருங்களுக்கு அங்க எடம் கெடையாது. எங்க துறை விஷயம் வந்து கூப்பிட்டாத்தான் போவோம்."

இது பாக்கியத்துக்குப் புதிது. மந்திரி என்றால் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அப்ப உள்ள நம்ம பக்கத்து ஆளு யாருங்க?"

மந்திரி வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "நம்ம ஜில்லாவுல... யாரும் இல்ல."

"எப்படி எடுக்கறாங்க ஐயா? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு கணக்கு இருக்குதா?"

"கணக்கு பாப்பாங்க. எங்க ஜெயிச்சோம், எங்க ஜெயிக்கணும், யாரு கோவிச்சிக்குவா, எல்லாம் பாப்பாங்க. ஊருக்கு ஒருத்தர்னா மேச பத்தாதேம்மா."

"எங்க பங்குலயும் பெஞ்சி பத்தாதுங்க. முறை வெச்சி உக்காருவாங்க. இந்த வாட்டி ஒரு ஊரு, அடுத்த வாட்டி இன்னொரு ஊரு."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "நல்லாத்தான் இருக்குது. ஆனா முறை வெக்கிறவன் நான் இல்லியே. மனு குடுங்க, ரயில்வேக்கு லெட்டர் போடறேன். பதிலு எப்ப வரும்னு மட்டும் என்னக் கேக்காதீங்க."

காருக்குப் போகும்போது திரும்பிப் பார்த்து, "காயி நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

வீட்டு வாசலிலேயே மதலைமுத்து பிடித்துக்கொண்டார். "இன்னா சொன்னாரு? எப்ப ஆரம்பிக்கிறாங்களாம்?"

"நல்ல மனுசருங்க. பொய் சொல்லல." கூடையை இறக்கி வைத்தாள். "ஆனா ரூமுக்கு வெளிய நிக்கிறாரு."

"வெளியன்னா?"

மந்திரி சொன்னதை அப்படியே சொன்னாள். மதலைமுத்து நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். மந்திரியாச்சே, காரில் கொடி இருந்ததே, கூடவே போலீஸ் போனதே என்றார். எல்லாம் இருந்தது, நாற்காலிதான் இல்லை என்றாள் பாக்கியம். அவருடைய முகம் சுருங்கியதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனை எடுத்துவிட்டாள்.

"ஜெபினு, சாப்டியா? போர் வண்டிக்காரனுக்குச் சொல்லிடு."

"ரயிலு வந்துட்டா?" என்றார் மதலைமுத்து.

"வந்தா போருக்கும் சேத்து விலை போட்டுக் குடுக்கட்டும். மனுவும் எழுதிக் குடுப்போம், அது அது பாட்டுக்குப் போவட்டும். நம்ம ஆளு ஒருத்தர் உள்ள போயி உக்கார்றதுக்குள்ள ரெண்டு மூணு போகம் மல்லாட்ட எடுத்துடலாங்க."

அடுத்த வாரம் போர் வண்டி வந்தது. நீரோட்டம் பார்க்கிறவர் நிலத்தின் நடுவில் கால் ஊன்றி, இங்கே என்றார். மதலைமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. அவரை நகரச் சொல்லி, மேற்கு மூலை வரைக்கும் வேகமாக நடந்து போய், வரப்பை ஒட்டி ஓர் இடத்தைக் குதிகாலால் கீறிக் காட்டினார். ரயில் எவ்வளவு அகலமாக வந்தாலும் அந்த மூலையைத் தொடாதாம்.

"அங்க தண்ணி கம்மிங்க" என்றார் நீரோட்டக்காரர்.

எல்லாரும் பாக்கியத்தைப் பார்த்தார்கள். போர் போடுவது அவள் பேச்சுப்படி ஆகிவிட்டது. இடமாவது அவர் பேச்சுப்படி இருக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அங்கியே போடுங்க" என்றாள்.