'வைஸ்' என்றால் துணை இல்லை

மலைமேல் திண்ணனூர் நாடு என்ற பகுதியில், எங்கள் கம்பெனியின் மிளகு கொள்முதல் அலுவலகத்தில் நான் ஒருத்திதான். வேலை முடிந்தால் பேச ஆளிருக்காது. ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் மெயில் வந்தது. கவிதா என்பவரை இங்கே நியமித்து, அவர் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் 'வைஸ்' என்று போட்டிருந்தார்கள். வைஸ் பிரின்சிபால் மாதிரி எனக்குத் துணையாக வருகிறாள் என்று மகிழ்ந்து, நான் தங்கியிருந்த அறையில் இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டேன்.

வந்திறங்கிய கவிதா திகைத்தாள். "ஏனுங்கக்கா, நீங்க இன்னும் கிளம்பலீங்களா? உங்களுக்குப் பதிலாத்தானுங்க என்னைப் போட்டிருக்காங்க."

வேலையே போய்விட்டதோ என்று பதறித் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். லத்தீனிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு நியமன உத்தரவில் 'இவருக்குப் பதிலாக' என்றுதான் பொருளாம். என்னை மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

இப்போதெல்லாம் தெரிந்த சொல்லாகத் தோன்றினாலும் கேட்டுவிடுகிறேன். கவிதாவுக்கும் தினமும் போன் செய்கிறேன். மலைமேல் இப்போது அவள்தானே தனியாக இருக்கிறாள்.