வேங்கை மரத்து வழக்கு

நகரியில் விசைத்தறி ஓட்டும் கன்னியம்மாளுக்குப் பாலசமுத்திரம் பிறந்த ஊர். போன வருஷம் ஆடிக் காற்றில், அங்கே அவள் அண்ணன் கொல்லையில் நின்ற வேங்கை மரம் சாய்ந்தது. கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு நிலை செய்யலாமென்று அவள் கணவன் பச்சையப்பன் அடிமரத்தை ஆட்டோவில் ஏற்றி வந்தான். வேங்கையை வெட்டினால் ரத்தம்போலச் சிவப்பாகப் பால் வடியும். வழியில் மடக்கிய வனக்காவலர்கள் அதைப் பார்த்துவிட்டு, செம்மரம் கடத்துகிறான் என்று கேஸ் எழுதி உள்ளே வைத்துவிட்டார்கள்.

கட்டையில் ஒரு துண்டு சோதனைக்குப் போனது. முடிவு வந்த அன்று, புத்தூர் வக்கீல் ஹரிபாபு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பிரஜாதி தெரிஞ்சிடுச்சாம், அம்மா. ஜாதிதான் சொல்ல முடியலையாம்."

தமிழில் பேரினம், சிற்றினம் என்பதைத்தான் தெலுங்குக்காரரான அவர் அப்படிச் சொன்னார். அவள் விழித்தாள்.

"எங்க ஆளுங்களுக்கு இண்டிபேரு இருக்குதில்ல, குடும்பத்துப் பேரு? ஒரே இண்டிபேருல எத்தினியோ பேரு இருப்பாங்க. பிரஜாதி அந்த மாதிரி. அதுல இது இன்னாருன்னு தனியா காட்டுறது ஜாதி. வேங்கைக்கும் செம்மரத்துக்கும் இண்டிபேரு ஒன்னு. அதோட நிறுத்திட்டாங்க."

"அப்ப ஆளு யாருன்னு தெரியாமலே, குடும்பத்துப் பேர வெச்சிக்கினுதானா எங்க ஊட்டுக்காரர உள்ள வெச்சிக்கிறாங்க?"

ஹரிபாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுசோதனைக்கு மனு போடலாம் என்றார். ஜாமீன் கிடைக்கவில்லை.

பார்க்கப் போகும்போதெல்லாம் பச்சையப்பன் அவளைத்தான் விசாரிப்பான். "துன்னியா? ஏன் இப்படி எளச்சிப்போய்க்கினு இருக்க?" கார்த்திகை மழையில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்தது, பேச்சில்லை. கட்டிலருகே நின்ற போலீஸ்காரர் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். அவன் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தாள். விடியுமுன் அது ஜில்லிட்டது.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் ஹரிபாபு அவள் வீட்டுக்கே வந்தார்.

"மறுசோதனையில வேங்கைதான்னு ஊர்ஜிதமாயிடுச்சும்மா. கேஸ் இனிமே நிக்காது."

"யாரு மேல சார் நிக்கணும், இனிமே?"

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

சாயங்காலத்துக்குள் சேதி தெருவெல்லாம் பரவிவிட்டது. கேஸ் போட்ட நாளிலிருந்து அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட எதிர்வீட்டுச் செல்லியம்மா, தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கட்ட கடத்துற ஆளா அது? எனக்கு அப்பவே தெரியும் கன்னிம்மா."

கன்னியம்மாள் தூக்கை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்பவே வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, அக்கா. தெருவுல இன்னா பேசிக்கிறாங்கன்னு அந்த மனுசன் ஒவ்வொரு வாட்டியும் கேட்டுக்கினே இருந்தாரு. நீ கடத்தினன்னு யாரும் நம்பலன்னு நான் பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

சுவரில் தலையைச் சாய்த்து, அவன் போனபிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.