வரேன்னு சொன்னவனை வர வச்சவ

வெக்காளி அம்மன் வாசல்ல கூடியிருக்கற அக்கா தங்கச்சிங்களே, அண்ணம்மாரே, எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. மண்ணச்சநல்லூர்ல ரைஸ் மில்லுக் களத்துல நெல்லு காய வைக்கறவ நான். பூசாரி ஐயாதான், "நடந்ததைச் சொல்லும்மா, கஷ்டத்துல இருக்கறவங்களுக்குத் தெம்பா இருக்கும்"னாரு. சொல்றேன். ஆனா ஒண்ணு. கடைசியில நான் மனசு மாறி மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு யாரும் காத்திருக்காதீங்க. நான் மன்னிக்கல.

சீனாக்காரன் சண்டை வந்த ஐப்பசியில எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல சிப்பாய். அவரு பேரை நான் சொல்றதில்ல. பின்னால அவரே சொல்லுவாரு, கொஞ்சம் பொறுங்க. சண்டை முடிஞ்சு ரொம்ப நாள் தகவலே இல்ல. அப்புறம் தை மாசக் கடைசியில திருச்சி ஜங்ஷனுக்கு வரச் சொன்னாங்க. ரயில்லேருந்து ரெண்டு பேரு அவரைத் தூக்கி எறக்கினாங்க. கெண்டைக்காலுக்குக் கீழ வேட்டி சும்மா தொங்குது. எனக்கு ஒண்ணும் புரியல. "காலு எங்கங்க?"ன்னு கேட்டேன். என்ன பைத்தியக்காரக் கேள்வி பாருங்க. அவரு, "பனியில போயிடுச்சு"ன்னாரு. செருப்பு தொலஞ்சுபோனதைச் சொல்ற மாதிரி சொன்னாரு. நான் அங்கயே பிளாட்பாரத்துல ஒக்காந்துட்டேன்.

நடந்தது இதுதான். மலை உச்சியில ஒரு எடத்துல அஞ்சு பேரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தாங்க. நம்மூரு சித்திரை வெயிலுக்குப் போடற பருத்தி உடுப்பு. கேன்வாஸ் ஷூ. அஞ்சு பேருக்கு ரெண்டு கம்பளி. ஏன்னு கேட்டா, மேல இருந்து உத்தரவாம். எந்த மேல? எங்கயோ கணப்புப் பக்கத்துல ஒக்காந்துகிட்டு மேப்புல வெரலை வச்சு "இங்க நிக்கட்டும்"னு சொல்லியிருப்பாங்க. வெரலுக்கு என்ன, குளிருமா?

அவங்களுக்கு ஒரு கேப்டன். நம்ம பக்கத்து ஆளுதான். தமிழ் பேசுவான்னு பசங்களுக்கு அவன் மேல உசுரு. கீழ பள்ளத்தாக்குல குண்டுச் சத்தம் கேட்டதும் அவன் சொல்லியிருக்கான், "கீழ போயி என்ன உத்தரவுன்னு கேட்டுக்கறேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது. போயிட்டு வரேன்."

போயிட்டு வரேன். கேட்டீங்களா? நாம பால் வாங்கப் போனாக்கூட சொல்ற வார்த்தை. அந்த வார்த்தையை நம்பி அஞ்சு பேரும் நின்னாங்க. போனவன் வரல. கீழ மொத்தப் பட்டாளமும் பின்வாங்கி வேற பாதையில போயிட்டுது. இவங்களைக் கூப்பிட ஒரு ஆளு வரல. ரெண்டு ராத்திரி. நம்ம எடமலைப்பட்டி புதூர் பையன் ராசு, எங்க வீட்டுக்காரரு தோள்லயே சாஞ்சு உசுர விட்டுட்டான். மறுநாள் காலையில வேற ரெஜிமெண்ட்டுக்காரங்க தப்பிச்சு வர்ற வழியில பார்த்திருக்காங்க. இவரு ஒருத்தருக்குத்தான் மூச்சு இருந்துச்சு. தூக்கிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரியில காலை எடுத்துட்டாங்க.

இதோட முடிஞ்சிருந்தா விதின்னு அழுதுட்டுப் போயிருப்பேன். அந்த மகராசன் கீழ போயி என்ன சொன்னான் தெரியுமா? "நான் திரும்பறதுக்குள்ள பசங்க எடத்தை விட்டு ஓடிட்டாங்க"ன்னு சொல்லிட்டான். தான் போகாததை மறைக்கணுமே! அதுவே பட்டாள ஆபீசு ரெக்கார்டுல பதிஞ்சு போச்சு. எங்க ஊருக்கும் வந்து சேந்துச்சு. டீக்கடையில, மில்லுல, கொழாயடியில, எல்லா எடத்துலயும் அவருக்கு ஒரே பேரு. ஓடிப்போனவன். அடப்பாவிங்களா, ஓடறதுக்கு அந்த மனுஷனுக்குக் காலே இல்லையேடா!

ராசுவோட அம்மா ஒரு நாள் வீட்டுக்கே வந்துட்டாங்க. "எம்புள்ளைய அங்க போட்டுட்டு நீ மட்டும் ஏம்பா வந்தே?"ன்னாங்க. அவங்க போனதும் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவரு சாப்பிடல. ரெண்டாம் நாள் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "என்னை வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போயி கொள்ளிடம் ஆத்துல விட்டுடு புள்ள"ன்னாரு. பட்டாளத்துல குண்டுக்குப் பயப்படாத மனுஷன். நான் ஒரு அறை விட்டேன். ஆமா, புருஷனைத்தான். அப்புறம் ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுதோம்.

ஆனா இதுல கூத்து என்னன்னா, அந்தக் கேப்டனை நான் திட்டினா இவருக்குக் கோவம் வரும். "சாரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு. அவருக்கு என்ன ஆச்சோ. வரேன்னுதானே சொன்னாரு"ம்பாரு. ஜுரத்துலயும் அதேதான், "சார் வரேன்னாரு, சார் வரேன்னாரு." எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல.

ஒரு வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்கி, அங்கேருந்து ஒறையூருக்கு நடந்தே வந்தேன். இதோ, இந்த எடத்துலதான் நின்னேன். மத்தவங்க கொறையை எழுதிச் சூலத்துல கட்டினாங்க. எனக்கு எழுதத் தெரியாது. மேல பார்த்தேன். தாயிக்குக் கூரை இல்ல. வெயிலு, மழை, பனி எல்லாம் அவ தலையிலதான். அப்பத்தான் எனக்கு வாய் தொறந்துச்சு.

"தாயே, கூரை இல்லாம நிக்கறது என்னன்னு உனக்குத் தெரியும். எம்புருஷன் அப்படித்தான் நின்னாரு. நான் காலு கேக்கல. காசு கேக்கல. அவனைக் கொல்லச் சொல்லியும் கேக்கல, செத்துட்டா அவன் தப்பிச்சிடுவான். வரேன்னு சொன்னான்ல? வர வை. என் வாசலுக்கு வர வை. எந்த வாயால ஓடிட்டாங்கன்னு சொன்னானோ, அதே வாயால ஊரு கேக்க உண்மையைச் சொல்ல வை. அது வரைக்கும் 'போயிட்டு வரேன்'ங்கற வார்த்தை என் வாயில வராது. இது சத்தியம்."

கண்ணீர் விட்டு வேண்டலங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு வேண்டினேன்.

மறுநாள் காலையிலயே மில்லுக்குக் கெளம்பையில, "போறேன்"னேன். பக்கத்து வீட்டு ரெங்கம்மாக்கா கேட்டுட்டு ஓடி வந்துச்சு. "அடி கூறுகெட்டவளே, கட்டுன புருஷன்கிட்ட போறேன்னா சொல்றது? வாயக் கழுவுடி!" எவ்வளவோ சண்டை போட்டுச்சு. நான் அசையல. கல்யாண வீடு, எழவு வீடு, கடைத்தெரு, எங்க போனாலும் "போறேன்"தான். என்னைக் கண்டாலே சனங்க முகத்தைத் திருப்புச்சு. தாலி கட்டிக்கிட்டவளுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னாங்க. இவரு மட்டும் என்னைத் தடுக்கல. நான் போறேன்னு சொல்லும்போதெல்லாம் நான் திரும்பி வர்ற தெருவையே பார்த்துக்கிட்டு இருப்பாருன்னு ரெங்கம்மாக்கா சொல்லும். இருந்தாலும் விடல. வெள்ளி தவறாம இங்க வந்து, "என்ன தாயே, இன்னும் வரலையா?"ன்னு கேட்டுட்டுப் போவேன்.

வருஷம் ஓடிச்சு. அடுத்து பாகிஸ்தான்காரன் சண்டையும் வந்து முடிஞ்சுது. ஊரு ஊரா பட்டாளத்துக்காரங்களுக்குப் பாராட்டு விழா நடந்த நேரம் அது. ஒரு நாள் மத்தியானம், மில்லுல சாப்பாட்டு மணி அடிச்சு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். எங்க வீடு துறையூர் ரோட்டு மேலயே. வாசல்ல ஒரு அம்பாசிடர் நின்னுது. முன்னாலேருந்து ஆவி குபுகுபுன்னு வருது. டிரைவர் எறங்கி வந்து, "அக்கா, ரேடியேட்டர் கொதிக்குது, ஒரு கொடம் தண்ணி குடுங்க"ன்னான். நான் கொடத்தைத் தூக்கிட்டுப் போனேன். வண்டிக்குள்ளேருந்து ஒருத்தன் குரல் குடுத்தான், "சீக்கிரம்பா, துறையூர்ல மேடையில காத்துக்கிட்டிருப்பாங்க."

எனக்குப் பின்னால வாசல்லேருந்து ஒரு சத்தம். எங்க வீட்டுக்காரரு. ஒக்காந்த எடத்துலயே நெஞ்சை நிமித்திக் கையைத் தூக்கி சல்யூட் அடிக்கறாரு. முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டீங்களா சார்!"

தாயே வெக்காளி!

வண்டிக்குள்ள இருந்தவன் எறங்கினான். கோட்டு சூட்டு. பட்டாளத்தை விட்டு வந்து ஏதோ கம்பெனியில பெரிய உத்தியோகமாம். இவரை உத்துப் பார்க்கறான். தெரியல. "யாருப்பா நீ?"ங்கறான். இவரு கையை எறக்காமலே சொன்னாரு, "சிப்பாய் மாணிக்கம், சார். நகரக் கூடாதுன்னீங்க. நகரல, சார்."

அப்பத்தான் அவன் கண்ணு கீழ போச்சு, வேட்டிக்கு. மூஞ்சி வெளிறிப்போச்சு. அப்புறம் டிரைவர்கிட்ட, "தண்ணி ஊத்துப்பா, போலாம்"னான்.

போலாமா! நான் கொடத்தை இடுப்புலேருந்து எறக்கவே இல்ல. "தண்ணி தரேன். மொதல்ல சொல்லு. மலையை விட்டு யாரு ஓடினது?"ன்னேன். அதுக்குள்ள மில்லு ஆளுங்க வந்துட்டாங்க. எதுத்தாப்புல பஸ்ஸுக்கு நின்ன சனம் மொத்தமும் வந்துடுச்சு. பின்னாடி வந்த விழாக் கமிட்டி வண்டியும் நின்னுது. அதுல அவனுக்குப் போட வச்சிருந்த ரோஜா மாலை. கமிட்டிக்காரரு ஒருத்தரு, "இது என்னம்மா, பெரியவங்களை மரியாதை இல்லாம..."ன்னு ஆரம்பிச்சாரு. "நீங்க சும்மா இருங்க ஐயா"ன்னேன். சும்மாயிட்டாரு.

அவன் மெல்ல, "எனக்கு மேல இருந்து உத்தரவும்மா. திரும்பிப் போகாதேன்னுட்டாங்க"ன்னான்.

"உன் மேல இருந்தவனுக்கும் ஒரு நாள் ரேடியேட்டர் கொதிக்கும். அதை எங்க தாயி பார்த்துப்பா. நான் உன்னைக் கேக்கறேன். இவங்க ஓடிட்டாங்கன்னு சொல்லச் சொல்லியும் உத்தரவா?"

அவன் தலை தொங்கிப்போச்சு. எங்க வீட்டுக்காரரு இன்னும் சல்யூட்டை எறக்கல. அவன் அதைப் பார்த்தான். பார்த்துட்டு ஒடஞ்சுபோயி, ஊரு கேக்கச் சொன்னான், "இவங்க ஓடல. நான்தான் வரேன்னு சொல்லிட்டு வரல. பொய் சொன்னது நான்."

எங்க வீட்டுக்காரரு கையை எறக்கினாரு. அப்புறம் தலைமுண்டாசை மூஞ்சியில வச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரு. அத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் அவருக்கும் புரிஞ்சுது, சாருக்கு ஒண்ணும் ஆகல, சாரு வராமலே இருந்துட்டாருன்னு. அந்த அழுகைக்காக அவனை அங்கயே கொடத்தால அடிக்கணும் போல இருந்துச்சு எனக்கு.

அவன் என்னைப் பார்த்து, "மன்னிச்சிடும்மா"ன்னு கையெடுத்தான். "மன்னிக்கறது என் வேலை இல்ல. எடமலைப்பட்டி புதூர்ல ராசுவோட அம்மா இருக்காங்க. அவங்க வீட்டுக்குப் போ. இதையே சொல்லு. சொல்லிட்டு இங்க திரும்பி வந்து என்ன ஆச்சுன்னு சொல்லணும். இப்ப என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பு"ன்னேன். அவனுக்குப் புரிஞ்சுது. "போயிட்டு வரேன், மாணிக்கம்"னான். அதுக்கப்புறம்தான் தண்ணி ஊத்தினேன். விழாவுக்குப் போகல அவன். வண்டியைத் திருச்சிப் பக்கம் திருப்பச் சொன்னான். ரோஜா மாலை வண்டியிலயே வாடிப்போச்சு.

வருவான்னு ஊருல ஒருத்தரும் நம்பல. அவன் திரும்பி வர்ற வரைக்கும் நானும் 'போறேன்'தான். அடுத்த வெள்ளி வந்தான். ஒக்காரச் சொல்லல நான். நின்னுக்கிட்டே சொன்னான். ராசுவோட அம்மா அவனைத் திட்டலையாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம், "எம்புள்ள கடைசியா என்ன போத்தியிருந்தான்?" அவனுக்குப் பதில் தெரியல. அவன்தான் அங்க இல்லையே! எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, "என் கம்பளியைத்தான் சார் போத்திவிட்டேன்." அவன் அதைச் சொல்ல மறுபடியும் எடமலைப்பட்டி புதூருக்குப் போனான்.

செத்துப்போன மத்த மூணு பேரு வீட்டுக்கும் அவனை அனுப்பினேன். ஆபீசுக்கும் போயி உண்மையைச் சொன்னான். அலைய வச்சாங்க, அலைஞ்சான். அலையட்டும், அவனுக்குக் காலு இருக்கே! கடைசியில எங்க வீட்டுக்காரரு மேல இருந்த பழியை எடுத்தாங்க. ராசுவோட அம்மா இப்ப மாசா மாசம் எங்க வீட்டுக்கு வந்து இவருக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பு வச்சுக் குடுத்துட்டுப் போறாங்க. கேப்டனும் இன்னும் வர்றான். தலைமுடி பூரா நரைச்சுடுச்சு. எங்க வீட்டுக்காரரு அவன்கிட்ட பேசறாரு. நான் பேசறதில்ல.

ராசு வீட்டுக்குப் போயிட்டு அவன் வந்து சொன்னானே, அதுக்கு மறுநாள் காலையில சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னேன். அந்த வார்த்தை சட்டுனு வரல. பழக்கம் விட்டுப்போச்சுல்ல. எப்படியோ சொல்லிட்டேன், "போயிட்டு வரேங்க." இவரு நிமிந்து பார்த்தாரு. "வா புள்ள"ன்னாரு. அவ்வளவுதான். மில்லு வரைக்கும் அழுதுக்கிட்டே போனேன்.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். தாயிகிட்ட நல்லவங்க மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வராதீங்க. கோவம் இருந்தா கோவத்தோட வாங்க. பட்டாளத்துல புள்ளைய, புருஷனைக் குடுத்துட்டு, யாரைக் கேக்கறதுன்னு தெரியாம ஒக்காந்திருக்கறவங்க இருந்தா, எந்திரிச்சு வாங்க. இங்க வந்து கேளுங்க. கூரை இல்லாதவளுக்கு எதையும் மறைக்க எடமில்ல, எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கறா.

மத்தியானப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவரு தெருவைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு. தாயே, போயிட்டு வரேன்.